திருப்பும்போது 'டக்... டக்...' சத்தமா? அந்த காரோடு மலை ஏறாதீங்க!

பாலசமுத்திரம்:-

நேர் ரோட்டில் போகும்போது ஒரு சத்தமும் இல்லை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து திருப்பினால் மட்டும் முன் சக்கரத்தில் இருந்து 'டக்... டக்... டக்...' என்று கேட்கிறது. வேகம் கூடினால் சத்தமும் வேகமாக வருகிறது. ஸ்டீயரிங் நேரானதும் கப்சிப்.

(இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டுக்குள் வரும் 'டிக் டிக்' பற்றி இங்கே பேச்சு இல்லை. இது வண்டிக்கு வெளியே, சக்கரத்துக்கு பின்னால் இருந்து வரும் சத்தம்.)

இப்படி சத்தம் வந்தால் பல டிரைவர்கள் பாட்டு சத்தத்தை கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டி விடுவார்கள். 'வண்டிதான் ஓடுதே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற நினைப்பு. ஆனால் சில நூறு ரூபாய் ரப்பர் உறையில் ஆரம்பித்த கோளாறு, சில ஆயிரம் ரூபாய் செலவில் வந்து நிற்கிறது என்பதற்கான அறிகுறி அது. மலை ரோட்டில் என்றால் செலவோடு போகாது, உயிருக்கே உலை வைத்து விடும்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

பழனியை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது பாலசமுத்திரம் பேரூராட்சி. பாலாறு-பொருந்தலாறு அணை இருக்கும் பகுதி. இங்கே கார் வைத்திருப்பவர்களுக்கு 3 விதமான ரோடு.

ஒன்று, பழனி டவுன். தைப்பூசம், பங்குனி உத்திர சமயத்தில் பக்தர்கள் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து, ஒடித்து, ரிவர்ஸ் எடுத்து திரும்ப வேண்டும். இரண்டாவது, தோப்புக்கும் வயலுக்கும் போகும் மண் பாதை. கல், முள், சேறு எல்லாம் இருக்கும். மூன்றாவது, கொடைக்கானல் போகும் மலைச்சாலை.

இந்த மூன்றுமே முன் சக்கர மூட்டுக்கு சோதனைதான். டவுன் ரோடு மூட்டை மடக்குகிறது, மண் ரோடு அதன் உறையை கிழிக்கிறது, மலை ரோடு மிச்ச உயிரையும் வாங்கி விடுகிறது.

எந்த காரில் வரும்?

எல்லா காரிலும் இந்த கோளாறு வராது. என்ஜின் சக்தி முன் சக்கரத்துக்கு போகும் கார்களில்தான் வரும்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் என்ஜின் முன்னால் இருந்தாலும் வண்டியை தள்ளியது பின் சக்கரங்கள்தான். நீளமான ஷாப்ட் ஒன்று காரின் அடிவயிற்றில் பின்பக்கம் வரை போகும். முன் சக்கரத்துக்கு திரும்புகிற வேலை மட்டும்தான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் கதை மாறியது. வண்டியை இழுப்பதும் முன் சக்கரம், திரும்புவதும் முன் சக்கரம். 1998-ல் வந்த சான்ட்ரோவும் இண்டிகாவும் இதே வழிதான். அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-ம் ஆண்டோடு உற்பத்தி நின்று விட்டன. இன்று டாக்சியாக ஓடும் டிசையர், எட்டியாஸ், வீட்டுக்கு வீடு நிற்கும் ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விப்ட், ஐ10 எல்லாமே முன் சக்கர இழுவை வண்டிகள். நெக்சான், டியாகோ மாதிரி பேட்டரி கார்களிலும் என்ஜினுக்கு பதில் மோட்டார் இருக்கிறதே தவிர, முன் சக்கரத்துக்கு போகும் தண்டும் மூட்டும் அப்படியே இருக்கின்றன.

ஆம்னி, ஈகோ, சுமோ, பொலிரோ, பழைய இன்னோவா ஆகியவை பின் சக்கரம் தள்ளும் வண்டிகள். அவற்றில் திருப்பும்போது சத்தம் வந்தால் ஸ்டீயரிங், பால் ஜாயிண்ட், பின்பக்க கிரவுன் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் முன் சக்கர இழுவைக்கு மாறி விட்டது. 'இன்னோவாவுக்கு அந்த தொந்தரவே கிடையாது' என்ற பழைய பேச்சு அதற்கு செல்லாது. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகளின் முன்பக்கத்திலும் இந்த மூட்டு உண்டு.

உள்ளே என்ன இருக்கு?

கியர் பாக்சில் இருந்து இடது, வலது சக்கரங்களுக்கு இரண்டு இரும்பு தண்டுகள் போகின்றன. டிரைவ் ஷாப்ட் என்று பெயர். ஒர்க்ஷாப்பில் 'ஆக்சில்' என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு தண்டுக்கும் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு. கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயிண்ட். சக்கரத்தின் பக்கம் இருப்பது வெளி ஜாயிண்ட். இரண்டையும் சேர்த்து சி.வி. ஜாயிண்ட் என்கிறார்கள். எவ்வளவு மடங்கினாலும் ஒரே சீரான வேகத்தில் சுற்றும் மூட்டு என்று அர்த்தம்.

திருப்பும்போது 'டக் டக்' போடுவது பெரும்பாலும் வெளி ஜாயிண்ட்தான்.

அதை கழற்றி பார்த்தால், வெளியே ஒரு இரும்பு கிண்ணம். உள்ளே ஒரு குமிழ். கிண்ணத்திலும் குமிழிலும் நேருக்கு நேர் நீளவாக்கில் பள்ளங்கள். அந்த பள்ளங்களுக்குள் 6 எஃகு குண்டுகள். குண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு. என்ஜினின் மொத்த இழுவையும் இந்த குண்டுகள் வழியாகத்தான் சக்கரத்துக்கு போகிறது. இந்த அமைப்பை 1920-களில் வடிவமைத்தவர் அமெரிக்காவில் போர்டு கம்பெனியில் என்ஜினீயராக இருந்த ஆல்பிரட் ரெசெப்பா. 1959-ல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் இந்த வகை மூட்டு வந்த பிறகு சின்ன கார் உலகமே முன் சக்கர இழுவைக்கு மாற ஆரம்பித்தது.

கார் நேரே போகும்போது குண்டுகள் பள்ளத்தின் நடுவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்தால், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒவ்வொரு குண்டும் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் ஒருமுறை ஓடி வர வேண்டும். முழுசாக ஒடித்தால் மூட்டு 40 டிகிரி அளவுக்கு மடங்கி நிற்கும். குண்டுகளின் ஓட்டமும் அதிகமாகும்.

பள்ளம் வழவழப்பாக இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தேய்ந்து குழி விழுந்தால், குண்டு அந்த குழியில் விழுந்து ஏறும்போது இரும்பில் இரும்பு மோதுகிறது. அதுதான் அந்த 'டக்'. சக்கரம் சுற்றச் சுற்ற மறுபடி மறுபடி கேட்கும்.

வில்லன் யார்?

குழி ஏன் விழுகிறது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மூட்டின் மேல் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். 'பூட்' என்பார்கள். இரண்டு பக்கமும் தகடு கிளிப் போட்டு இறுக்கி, உள்ளே கருப்பு கிரீஸ் அடைத்திருப்பார்கள். கம்பெனியில் அடைத்த கிரீஸ்தான் கடைசி வரைக்கும். இடையில் கிரீஸ் கன் வைத்து அடிக்க வழி கிடையாது.

இந்த உறை நன்றாக இருந்தால் பல வண்டிகளில் ஜாயிண்ட் லட்சம் கிலோ மீட்டர் தாண்டியும் சத்தம் இல்லாமல் உழைக்கும். உறை கிழிந்தால் கதை கந்தல். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே சிதறி விடும். அந்த இடத்தில் மண்ணும் தண்ணீரும் புகும். மிச்ச கிரீசும் மணலும் கலந்தால் உப்புத்தாள் போட்டு தேய்க்கிற மாதிரிதான். சில வாரத்திலோ, சில மாதத்திலோ சத்தம் ஆரம்பித்து விடும்.

வயசான ரப்பர் மடிப்பு மடிப்பாக வெடிக்கும். கல்லும் முள்ளும் குத்தும். கிளிப் தளர்ந்து கிரீஸ் கசியும். பல நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் எலி கடிப்பதும் உண்டு. தோப்புக்குள் நிறுத்துகிறவர்கள் இதை கவனிக்க வேண்டும்.

கிழிந்ததை கண்டுபிடிக்க ஒர்க்ஷாப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு விட்டு, சக்கரத்துக்கு பின்னால் டார்ச் அடித்து பார்த்தால் போதும். ரப்பர் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா, ரிம்மின் உள்பக்கத்திலும் சுற்றியுள்ள இரும்புகளிலும் கருப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடுத்த பக்கம் ஒடித்து அதையும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. தண்ணீர் பிடித்து காரை பளபளப்பாக கழுவுகிறவர்களில் எத்தனை பேர் குனிந்து பார்க்கிறார்கள்?

கிழிந்து, ஆனால் இன்னும் சத்தம் வராத நிலையில் பிடித்து விட்டால் அதிர்ஷ்டம். ஜாயிண்டை கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட் போட்டால் வேலை முடிந்தது. சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு. விழுந்த குழி கிரீசால் நிரம்பாது.

மலையில் உடைந்தால்...

சத்தம் வந்த உடனே ஜாயிண்ட் உடைந்து விடாது. டவுனுக்குள் மெதுவாக ஓட்டினால் சில காலம் தாக்குப் பிடிக்கவும் செய்யும். அதுதான் ஆபத்து. 'இத்தனை நாள் ஓடுச்சே' என்ற தைரியத்தில் குடும்பத்தையோ, சவாரியையோ ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு கிளம்பி விடுகிறார்கள்.

பழனியில் இருந்து கொடைக்கானல் போகும் மலைச்சாலை 60 கிலோ மீட்டருக்கு மேல். கொடைக்கானல் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். சவரிக்காடு, பெருமாள்மலை என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் முழுசாக ஒடிந்திருக்கும், வண்டி முதல் கியரில் இருக்கும், ஆள் பாரமும் சாமான் பாரமும் சேர்ந்திருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்திருப்பார்கள். மூட்டு அதிகமாக மடங்கி, அதே நேரம் அதிக இழுவையும் தாங்குகிற இடம் அதுதான். தேய்ந்த ஜாயிண்ட் உடைய அதை விட பொருத்தமான இடம் கிடையாது.

உடைந்தால் என்ன ஆகும்? 'ஒரு பக்கம்தானே போச்சு, இன்னொரு சக்கரம் இழுக்குமே' என்று நினைப்பார்கள். இழுக்காது. கியர் பாக்சில் உள்ள டிபரன்சியல், எந்த பக்கம் தடை இல்லையோ அந்த பக்கத்தைத்தான் சுற்றும். உடைந்த தண்டு சும்மா சுற்றும், நல்ல சக்கரம் அசையாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமும், வண்டி நகராது. ஏற்றத்தில் பின்னால் உருள ஆரம்பிக்கும்.

இறக்கத்தில் இன்னும் மோசம். மலை டிரைவர்கள் இரண்டாவது கியரில் போட்டு என்ஜின் பிடிப்பில் வண்டியை இறக்குவார்கள். தண்டு உடைந்தால் அந்த பிடிப்பு ஒரு நொடியில் போய் விடும். வண்டி நியூட்ரலில் விட்ட மாதிரி ஓடும். பிரேக் மட்டும்தான் கதி. ஏற்கனவே சூடாகி இருக்கும் பிரேக் என்றால் பகீர்தான்.

பதற வேண்டாம். கால் பிரேக் வேலை செய்யும். பெரும்பாலான சின்ன கார்களில் கை பிரேக் பின் சக்கரத்தை பிடிப்பதால் அதுவும் வேலை செய்யும். விட்டு விட்டு மிதிக்காமல் பிரேக்கை உறுதியாக மிதித்து, மலைச்சுவர் பக்கம் ஓரம் கட்டி, கை பிரேக்கை முழுசாக இழுக்க வேண்டும். எல்லோரும் இறங்கிய பிறகு சக்கரத்துக்கு பெரிய கல் அண்டை கொடுக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கியரில் போட்டு நிறுத்தி விட்டோம் என்று நம்பி இறங்கி விடக் கூடாது. தண்டு உடைந்த வண்டியை கியர் பிடிக்காது. ஆட்டோமேட்டிக் காரில் 'பி' போட்டாலும் பிடிக்காது. கை பிரேக்கும் கல்லும்தான் காப்பு.

அதே நிலையில் கயிறு கட்டி இழுத்து வருவதும் சரி இல்லை. தொங்கும் தண்டு சுற்றி அடித்து, பக்கத்தில் போகும் பிரேக் ஓசை அறுத்து விட வாய்ப்பு உண்டு. முன் சக்கரங்களை தூக்கி எடுத்துச் செல்லும் ரெக்கவரி வண்டிதான் நல்லது.

எந்த பக்கம் போச்சு?

"அண்ணே, திருப்புனா டக் டக்குன்னு சத்தம் வருதுண்ணே."

"எந்தப் பக்கம் திருப்புனா தம்பி?"

ஒர்க்ஷாப்பில் முதல் கேள்வி இதுதான். இதற்கு சரியாக பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கழற்றி, இரண்டு பக்கத்துக்கும் கூலி கொடுக்க வேண்டி வரலாம்.

சோதிக்க ஆள் நடமாட்டம் இல்லாத சமமான காலி இடம் வேண்டும். கண்ணாடிகளை இறக்கி, பாட்டு, பேன் எல்லாம் நிறுத்த வேண்டும். ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில் மெதுவாக ஒரு வட்டம். பிறகு வலது பக்கம் ஒரு வட்டம். நடுவில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்து விட வேண்டும். இழுவை வந்தால்தான் சத்தம் வரும். அதே இரண்டு வட்டத்தையும் ரிவர்ஸ் கியரில் அடிக்க வேண்டும். சில வண்டிகளில் முன்னால் போகும்போது அமுக்கமாக இருக்கும் சத்தம் ரிவர்சில் பளிச்சென்று கேட்கும்.

தெரிந்தவர் ஒருவரை பத்தடி தள்ளி நிற்க வைத்து, எந்த சக்கரத்தில் இருந்து வருகிறது என்று கேட்கச் சொல்லலாம். உள்ளே உட்கார்ந்து கேட்பவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இடது பக்கம் திருப்பும்போது சத்தம் வந்தால் வலது ஜாயிண்ட், வலது பக்கம் என்றால் இடது ஜாயிண்ட் என்று ஒரு கணக்கு உண்டு. வளைவில் வெளிப்பக்க சக்கரத்துக்கு பாரம் அதிகம் போவதால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் எப்போதும் சரி என்று சொல்ல முடியாது. எந்த பக்கம் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறது என்று பார்த்து உறுதி செய்த பிறகே கழற்ற வேண்டும்.

எல்லா சத்தமும் ஜாயிண்ட் இல்லை

முதலில் பார்க்க வேண்டியது சக்கர போல்ட், நட்டுகள். பஞ்சர் ஒட்டிய பிறகு சரியாக இறுக்காமல் விட்டால் அதுவும் 'டக் டக்' போடும். இதை நாள் கடத்தினால் சக்கரமே கழன்று விடும். வீல் ஸ்பேனர் எடுத்து எல்லாவற்றையும் இறுக்கிப் பார்த்து விட்டு மற்றதை யோசிக்கலாம். வீல் கப் ஆடினாலும், டயர் பட்டனில் கல் சிக்கி இருந்தாலும் இதே மாதிரி சத்தம் வரும். ஆனால் அவை நேரே போகும்போதும் கேட்கும்.

வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை திருப்பும்போது ஒரே ஒரு 'டொக்' என்று வந்தால் அது சி.வி. ஜாயிண்ட் இல்லை. சக்கரம் சுற்றாமல் அந்த ஜாயிண்ட் தொடர்ந்து சத்தம் போடாது. சாக் அப்சார்பருக்கு மேல் உள்ள ஸ்ட்ரட் மவுண்ட், பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ராடு ஆகியவற்றை பார்க்க வேண்டும். பால் ஜாயிண்ட் ஆட்டம் என்றால் அதுவும் சாதாரண விஷயம் இல்லை, உடனே கவனிக்க வேண்டும்.

பள்ளம் மேட்டில் மட்டும் 'கடகட' என்றால் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ். வேகமாக போகும்போது 'ஊங்...' என்று ஒரு ரீங்காரம், வளைவில் அது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்.

நேரே போகும்போது ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி உதறுகிறது, காலை எடுத்தால் சரியாகிறது என்றால் கியர் பாக்ஸ் பக்கம் உள்ள உள் ஜாயிண்ட் மேல் சந்தேகப்படலாம். அதில் 6 குண்டுக்கு பதில், பல கார்களில் 3 உருளைகள் இருக்கும். அவை தேய்ந்தால் 'டக் டக்' வராது, உதறல்தான் வரும். முதல் கியரிலும் ரிவர்சிலும் கிளட்சை விடும்போது 'டொம்' என்று ஒரு அடி விழுந்தால் உள் ஜாயிண்டாகவும் இருக்கலாம், என்ஜின் மவுண்டிங் போயும் இருக்கலாம்.

எப்படி சரி செய்கிறார்கள்?

இது வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு செய்கிற வேலை இல்லை. ஆனால் ஒர்க்ஷாப்பில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் ஏமாறாமல் இருக்கலாம்.

சக்கரத்தின் நடுவில் உள்ள பெரிய ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்துவார்கள். அவ்வளவு இறுக்கம். பிறகு வண்டியை தூக்கி ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை கழற்றி, பால் ஜாயிண்டை விடுவித்து, சக்கர பாகத்தை வெளியே சாய்த்து தண்டை உருவுவார்கள். கியர் பாக்ஸ் பக்கம் இருந்து தண்டை எடுத்தால் பல வண்டிகளில் கியர் ஆயில் கொட்டும். வேலை முடிந்ததும் அந்த ஆயிலை அளவு பார்த்து ஊற்றினார்களா என்று கேட்டு விட வேண்டும். இதை மறந்து விட்டால் ஜாயிண்டுக்கு வந்தவன் கியர் பாக்சுக்கு அழ வேண்டியதுதான். ஆயில் சீல் வெட்டுப்பட்டிருந்தால் அதையும் அப்போதே மாற்றி விடுவது புத்திசாலித்தனம். அதன் விலை குறைவு.

வெளி ஜாயிண்டை தண்டில் ஒரு வளையம் பிடித்திருக்கும். தட்டி எடுத்து, டீசலிலோ மண்எண்ணெயிலோ கழுவி, குண்டுகளையும் பள்ளங்களையும் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இந்த இடத்தில் உரிமையாளரும் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. பள்ளத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுகிறதா? குண்டில் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறதா? கூண்டில் விரிசல் இருக்கிறதா? ஒன்று இருந்தாலும் ஜாயிண்ட் மாற்ற வேண்டியதுதான். ஒன்றும் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பூட்டும் கிரீசும் போதும், புது ஜாயிண்ட் தேவை இல்லை.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. டப்பாவில் இருக்கும் சாதாரண மஞ்சள் கிரீசை அள்ளி அப்பினால் தாங்காது. மாலிப்டினம் கலந்த கருப்பு கிரீஸ்தான் இதற்கு. பூட் கிட் வாங்கினால் பெரும்பாலும் கிரீஸ் பாக்கெட், இரண்டு கிளிப், வளையம் சேர்ந்தே வரும். அந்த பாக்கெட் முழுவதையும் ஜாயிண்டிலும் பூட்டிலும் அடைக்க வேண்டும்.

கடைசியாக ஆக்சில் நட். பழைய நட்டையே திரும்ப போடாமல் புது நட் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, விளிம்பை தட்டி பூட்ட வேண்டும். நட் சரியாக இறுகாவிட்டால் கொஞ்ச நாளில் வீல் பேரிங் போய் விடும். தண்டை கழற்றிய நிலையில் வண்டியை தரையில் இறக்கி தள்ளுவதும் பேரிங்குக்கு கேடு.

ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. சத்தம் வராத பக்கத்தின் பூட் நன்றாக இருந்தால் அதை தொட வேண்டாம். உள் ஜாயிண்ட், வெளி ஜாயிண்ட் இரண்டுமே போயிருந்தால் மட்டும் தனித்தனியாக வாங்குவதை விட முழு ஆக்சிலாக வாங்குவது கணக்குக்கு ஒத்து வரலாம். இரண்டு விலையும் கேட்டு விட்டு முடிவு செய்யலாம்.

ஸ்பேர் வாங்கும்போது உஷார்!

ஒரே காரில் பெட்ரோல், டீசல் மாடலுக்கு ஜாயிண்ட் வேறு வேறாக இருக்கும். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள வண்டிகள் பலவற்றில் ஜாயிண்டின் மேல் பல் வளையம் ஒன்று இருக்கும். அது இல்லாத ஜாயிண்டை போட்டால் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், அந்த பிரேக் வசதியே வேலை செய்யாது. தண்டின் முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் ஒத்துப் போக வேண்டும். பழைய ஜாயிண்டை கையோடு எடுத்துப் போய், பல்லை எண்ணிப் பார்த்து வாங்குவதுதான் சுலபமான வழி. பழனியில் கிடைக்காமல் திண்டுக்கல் வரை பஸ்சில் போய் வந்து, மாடல் மாறி விட்டது என்று மறுபடியும் போவது ஒரு நாள் பிழைப்பை கெடுக்கும்.

சில குறுக்கு வழிகளும் உண்டு. கிழிந்த பூட் மேல் பழைய டியூப்பை வெட்டி கட்டுவது, பிளந்த பூட்டை சுற்றி பசை போட்டு ஒட்டுவது. இவை ஒர்க்ஷாப் போய் சேரும் வரை மண் புகாமல் தடுக்கும். அதற்கு மேல் நம்ப முடியாது. ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிவதால் ஒட்டு பிய்ந்து விடும்.

இன்னொன்று, சத்தம் போடும் ஜாயிண்டில் கிரீசை திணிப்பது. சில நாட்களுக்கு சத்தம் அடங்கும். சில பழைய மாடல்களில் இடது, வலது ஜாயிண்டுகளை மாற்றிப் போட்டு, தேயாத பக்கத்தில் குண்டு ஓடும்படி செய்வதும் உண்டு. சத்தம் அடங்குமே தவிர தேய்மானம் அடங்காது. அந்த வண்டியோடு மலை ஏறினால் முன்னே சொன்ன கதைதான்.

பழைய கார் வாங்குகிறவர்கள்தான் இந்த வித்தையில் சிக்குகிறார்கள். நேர் ரோட்டில் ஒரு கிலோ மீட்டர் ஓட்டிக் காட்டி விட்டு சாவியை கொடுப்பார்கள். அங்கேயே ஒரு காலி இடத்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து முன்னால் ஒரு வட்டம், ரிவர்சில் ஒரு வட்டம் அடித்துப் பார்க்க வேண்டும். குனிந்து பூட்டையும் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் ஒரே ஒரு பூட் மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் எப்போது மாற்றினார்கள், சத்தம் வரும் முன்பா வந்த பிறகா என்று கேட்க வேண்டும். 'இந்த மாடல் எல்லாத்துலயும் இந்த சத்தம் வருமுங்க' என்று விற்பவர் சொன்னால், ஒரு ஜாயிண்டின் விலையையும் கழற்றி மாட்டும் கூலியையும் கழித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பிக்கலாம்.